கிளட்ச் பெடலுக்கு விடை கொடுத்த எர்ல் தாம்சன்: ஆட்டோமேட்டிக் கியருக்கு ஆயில் பிரஷர் ஏன் உயிர்?

ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போது 'டக்'குனு முதுகில் ஒரு உதை விழுகிறதா? இல்லை, இன்ஜின் மட்டும் உறுமிவிட்டு வண்டி ஒரு நொடி தயங்கி நிற்கிறதா? இரண்டு புகாரிலும் முதலில் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்: கியர்பாக்ஸுக்குள் ஓடும் ஆயிலின் பிரஷர். அந்த பிரஷரை நம்பி உலகின் முதல் வெற்றிகரமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை உருவாக்கிய குழுவின் தலைவர்தான் அமெரிக்கப் பொறியாளர் எர்ல் தாம்சன்.

யார் இந்த தாம்சன்?

1891-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் எல்ஜின் என்ற சிற்றூரில் பிறந்தவர். அவர் இளைஞராக இருந்த காலத்தில் கார் ஓட்டுவது ஒரு வித்தை. கியர் மாற்ற வேண்டுமென்றால் கிளட்சை இருமுறை மிதித்து, இன்ஜின் வேகத்தைக் கணக்குப் போட்டுத் தள்ள வேண்டும். கணக்கு தப்பினால் பற்கள் உரசி 'கர்ர்'னு அலறும். புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்பவர்களை மிரள வைத்தது இந்தச் சத்தம்தான்.

தாம்சன் கண்டுபிடித்த தீர்வு 'சிங்க்ரோமெஷ்'. இரண்டு கியர்கள் கோத்துக்கொள்வதற்கு முன், கூம்பு வடிவப் பாகங்கள் உரசி, இரண்டின் சுழற்சி வேகத்தையும் சமமாக்கிவிடும். அதற்குப் பிறகுதான் பற்கள் சேரும். 1928-ல் கேடிலாக் கார்களில் இது அறிமுகமானது. இன்று நாம் ஓட்டும் மேனுவல் கார்களில் கியர் சத்தமில்லாமல் விழுவதும் இந்த யோசனையால்தான்.

கிளட்சே வேண்டாம் என்றால்?

அத்தோடு அவர் நிற்கவில்லை. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சிறிய குழுவுடன் அடுத்த வேலையில் இறங்கினார். ஆலிவர் கெல்லி, வால்டர் ஹெர்ண்டன் போன்ற பொறியாளர்கள் அதில் இருந்தார்கள். முதலில் வந்தது பாதி ஆட்டோமேட்டிக்தான். 1937-ல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கிடைத்த அந்த கியர்பாக்ஸில் வண்டியைக் கிளப்ப கிளட்சை மிதித்தே ஆக வேண்டும்.

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் அந்த பெடலும் போனது. 'ஹைட்ராமேட்டிக்' என்ற பெயரில் நான்கு கியர் கொண்ட முழு ஆட்டோமேட்டிக் வந்தது. கூடுதல் விலை வெறும் 57 டாலர். இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளிலும் இது பொருத்தப்பட்டது. போருக்குப் பின், கை கால்களை இழந்து திரும்பிய வீரர்களுக்காக ஓல்ட்ஸ்மொபைல் தனிக் கருவிகள் பொருத்திக் கொடுத்த கார்களிலும் இதுவே இருந்தது. இடது காலுக்கு வேலையே இல்லாத கார் அவர்களுக்கு வெறும் சொகுசு இல்லை, மறுபடி தனியாக வெளியே போய்வரும் வழி.

உள்ளே என்ன நடக்கிறது?

இன்ஜின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் தரும் முதன்மை அழுத்தம்தான் 'லைன் பிரஷர்'. கிளட்ச் தட்டுகளை இறுக்குவதும், டிரம்மைச் சுற்றியிருக்கும் பேண்டைப் பிடிப்பதும் இந்த பிரஷர்தான். எது பிடிக்கிறது, எது விடுகிறது என்பதைப் பொறுத்து கியர் மாறும்.

எப்போது மாற வேண்டும் என்று யார் முடிவு செய்வது? கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. வண்டியின் வேகத்தோடு ஏறும் ஒரு பிரஷர், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் இன்னொரு பிரஷர். இரண்டும் ஒரு வால்வின் இரு முனைகளில் தள்ளுமுள்ளு நடத்தும். வேகம் ஜெயித்தால் மேல் கியர். ஆக்சிலரேட்டர் ஜெயித்தால் கியர் மாறுவது தள்ளிப்போகும். ஆக்சிலரேட்டரோடு இணைந்த கம்பி கொஞ்சம் அட்ஜஸ்ட்மென்ட் தப்பினாலே கியர் ரொம்ப சீக்கிரமோ ரொம்ப லேட்டாகவோ விழும்.

ஹைட்ராமேட்டிக்கின் பெரிய தலைவலி இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடம். முன்னும் பின்னும் இரண்டு கியர் தொகுதிகள். முதல் கியரில் இரண்டுமே வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும். நான்காவதில் இரண்டுமே நேரடியாகச் சுழலும். ஆனால் 2-3 மாற்றத்தில் முன் தொகுதி நேரடியிலிருந்து குறைப்புக்கு வர வேண்டும், அதே கணத்தில் பின் தொகுதி குறைப்பிலிருந்து நேரடிக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் பிடிப்பது இம்மி பிசகினாலும் உதை விழும், அல்லது இன்ஜின் உறுமும். 1956-ல் வந்த மாற்றியமைக்கப்பட்ட வடிவத்தில், முன் கிளட்சுக்குப் பதிலாக ஆயிலால் நிரம்பிக் காலியாகும் இன்னொரு இணைப்பு வைத்து இதை மென்மையாக்கினார்கள்.

இன்றைய காருக்கு இதில் என்ன பாடம்?

இப்போது பிரஷரைக் கட்டுப்படுத்துவது கம்ப்யூட்டரும் சோலனாய்டு வால்வுகளும். ஆனால் கணக்கு மாறவில்லை. பிரஷர் குறைந்தால் தட்டுகள் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கும், சூடாகும், கருகும். அதிகமானால் படாரென்று பிடிக்கும், அதுதான் ஜெர்க்.

அதனால் நல்ல மெக்கானிக் கியர்பாக்ஸைக் கழற்றும் முன் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்.

1. ஆயிலின் அளவு, நிறம், வாசனை. கருத்துப்போய்க் கருகிய வாடை அடித்தால் தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கலாம்.

2. ஸ்கேனரில் எரர் கோடு இருக்கிறதா என்பது.

3. கேஜ் மாட்டி லைன் பிரஷர். எல்லா கியரிலும் குறைவு என்றால் ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப், பிரஷர் ரெகுலேட்டர் பக்கம் சந்தேகம். ஒரே ஒரு கியரில் மட்டும் குறைவு என்றால் அந்தக் கிளட்சுக்குப் போகும் வழியில் சீல் கசிவு இருக்கலாம். பிரஷர் சரியாக இருந்தும் வழுக்கினால் தட்டு தேய்மானம்.

வழுக்குகிறது என்று காரணம் பார்க்காமல் பிரஷரை மட்டும் ஏற்றிவிட்டால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும். ஆனால் கசியும் சீல் கசிந்துகொண்டேதான் இருக்கும். செலவு தள்ளிப்போகும், குறையாது.

ஒரு எச்சரிக்கை: ஏ.எம்.டி என்று விற்கப்படும் கார்களில் இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது. அதன் ஜெர்க்குக்குக் காரணங்கள் வேறு. வொர்க்‌ஷாப் போகும் முன் உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்வது நல்லது.

தாம்சனுக்கு 1963-ல் போக்குவரத்துப் பொறியியலுக்கான எல்மர் ஸ்பெர்ரி விருது கிடைத்தது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்காக. 1967-ல் அவர் காலமானார். சிங்க்ரோமெஷ், ஹைட்ராமேட்டிக் இரண்டிலும் அவர் தீர்க்கப் பார்த்தது ஒரே சிக்கலைத்தான்: வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை அதிர்ச்சி இல்லாமல் சேர்த்துவைப்பது. அடுத்த முறை உங்கள் காரில் உதை விழுந்தால், கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் லைன் பிரஷர் பார்த்தாச்சா என்று கேளுங்கள்.