வில்லியம் ஹார்ட்னல்: படம் அழிந்த பிறகும் மிஞ்சிய குரல்

தாத்தா 1994 இல் கிளிநொச்சியிலிருந்து அனுப்பிய கசெட் ஒன்றைப் பெரிய மாமா கடந்த வருடம் கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்தார். கடிதம் எழுதிப் பழக்கமில்லாத தாத்தா பேசி அனுப்பிய கடிதம் அது. அந்த நாட்களில் வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, யாரோ பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில்தான் பதிவு செய்திருக்கிறார்கள். சுற்றியவரின் கை தளர்ந்த இடங்களில் நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் இன்று போட்டுக் கேட்கும்போது அந்த இடங்களில் தாத்தாவின் குரல் சிறுபிள்ளையின் குரல்போலக் கீச்சிடுகிறது.

குரல் இருக்கிறது, முகம் இல்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு கண்டிப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2009 இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கோ கைவிட்ட பையோடு படங்கள் எல்லாம் போயின. இப்போது கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சித்தியின் மகன் கணினி வரைகலை படிக்கிறான். அந்தக் கசெட்டுக்கு அனிமேஷன் செய்யப்போவதாகச் சொன்னான். அம்மா தடுக்கவில்லை. ஆனால் தாத்தாவின் முகத்தை எதைப் பார்த்து வரைவாய் என்று மட்டும் கேட்டார். அவனிடம் பதில் இல்லை.

அவனுக்கு நான் சொன்ன கதைதான் வில்லியம் ஹார்ட்னலின் கதை. ஊடகக் கற்கை படித்த காலத்தில் தற்செயலாக இணையத்தில் பார்த்த ஒரு ரசிகர் அனிமேஷன் வழியாகத்தான் அந்த மனிதரை நானும் அறிந்தேன். பிரித்தானியாவின் புகழ்பெற்ற டொக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடரின் முதல் நாயகன் அவர். இறந்து ஐம்பது ஆண்டுகளாகிவிட்டன.

ஹார்ட்னல் 1908 ஜனவரி 8 ஆம் திகதி லண்டன் சென். பான்கிராஸ் பகுதியில் பிறந்தார். தாய் லூசி மணமாகாதவர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தந்தையின் பெயர் எழுதும் இடம் வெறுமையாக விடப்பட்டது. பின்னாளில் தேடியும் தந்தை யாரென்று அவர் கண்டுபிடிக்கவே இல்லை. தந்தையின் பிறப்பை நிரூபிக்கக் கடதாசி இல்லாததால் 1948 இல் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத்தவரின் பேரப்பிள்ளைக்கு அந்த வெற்றுக் கோட்டின் பாரம் விளங்கும். ஹார்ட்னலுக்குக் குடியுரிமை போகவில்லை, வெட்கம்தான் மிஞ்சியது. பேட்டி காண வந்தவர்களிடம் தான் டெவன் கிராமத்தில் பிறந்ததாகச் சொன்னார். தந்தைக்கும் ஒரு வாழ்க்கையைக் கற்பித்துச் சொன்னார். தாயின் உறவினர்கள் டெவனில் விவசாயிகள். சிறுவயதில் விடுமுறைகளை அங்கே கழித்திருக்கிறார். ஆகவே பொய்யின் பின்னணிக் காட்சி மட்டும் உண்மை.

பதின்ம வயதில் குத்துச்சண்டைக் கழகம் ஒன்றில் ஹியூ பிளேக்கர் என்ற ஓவியச் சேகரிப்பாளர் அவரைக் கண்டார். ஏறக்குறைய வளர்ப்புத் தந்தையானார். முதலில் குதிரைப் பந்தய வீரனாகப் பயிற்சி, அது சரிவராமல் நாடகப் பள்ளி. 1925 இல் பிராங்க் பென்சனின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் மேடை வேலையாளாகச் சேர்ந்தார். 1929 இல் நடிகை ஹெதர் மெக்கின்டயரை மணந்தார். ஒரு மகள். இரண்டாம் உலகப் போரில் தாங்கிப் படையில் சேர்ந்து, பதினெட்டு மாதங்களில் மனம் நொறுங்கி வெளியே அனுப்பப்பட்டார். அந்த மனிதரைத்தான் சினிமா அதன்பிறகு இருபது வருடங்கள் இராணுவ சார்ஜன்டாக நடிக்க வைத்தது. 1944 இல் வந்த தி வே அஹெட் படத்தில் சார்ஜன்ட், தொலைக்காட்சியில் ஆர்மி கேம் தொடரில் சார்ஜன்ட் மேஜர், 1958 இல் கேரி ஒன் சார்ஜன்ட் படத்தில் பெயரிலேயே சார்ஜன்ட். இடையில் பிரைட்டன் ரொக் படத்தில் அடியாள். கத்திக் கத்தி அலுத்துப்போயிருந்தார்.

1963 இல் திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப் படத்தில் ஒரு முதியவராகச் சிறிய வேடம் செய்தார். அதைப் பார்த்த வேரிட்டி லாம்பர்ட் அவரைத் தேடி வந்தார். லாம்பர்ட் அப்போது பிபிசி நாடகப் பிரிவின் இளம் பெண் தயாரிப்பாளர். கூட வந்த இயக்குநர் வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், இருபத்துநான்கு வயது, எழுத்தாளர் அத்தியா ஹொசைனின் மகன். ஒரு பெண்ணும் ஓர் இந்தியரும் நடத்தும் சிறுவர் தொடர் என்று அலுவலகத்தில் பலரும் அலட்சியம் செய்த காலம்.

ஹார்ட்னல் அப்படியொன்றும் பரந்த மனம் கொண்டவர் அல்ல. வேற்றினத்தவர் பற்றியும் யூதர் பற்றியும் அவர் கடுமையாகப் பேசியதை உடன் நடித்த சிலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய பேத்தி ஜெசிக்கா கார்னி எழுதிய வாழ்க்கை வரலாறும் அவரது கோணல்களை மறைக்கவில்லை. ஆனாலும் அந்த இருவரையும் நம்பித்தான் ஒப்புக்கொண்டார். இதை அவருக்குச் சாதகமாக நான் எழுதவில்லை. நடந்தது அது.

தொடரின் முதல் பகுதி 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பானது. முந்திய நாள்தான் கென்னடி சுடப்பட்டார். யாரும் நாடகம் பார்க்கும் மனநிலையில் இல்லை என்பதால் அடுத்த வாரம் அதே பகுதியை மறுபடி போட்டு, அதன்பின் இரண்டாம் பகுதியைப் போட்டார்கள். காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் சிடுமூஞ்சிக் கிழவராக ஹார்ட்னல் வந்தார். சில மாதங்களில் நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தாத்தாவானார். அவருக்கு அப்போது வயது 55 தான். வெள்ளை முடி செயற்கை. காலயந்திரத்தின் விசைப்பலகையில் எந்தப் பொத்தான் எதற்கு என்று தானே தீர்மானித்து, ஒவ்வொரு வாரமும் அதே வேலைக்கு அதே பொத்தானைத்தான் தொடுவார். பிள்ளைகள் கவனிப்பார்கள் என்பது அவர் நம்பிக்கை.

உடல் இடம் கொடுக்கவில்லை. இரத்தக்குழாய்கள் தடிப்படையும் நோய் நினைவாற்றலைத் தின்றது. வசனங்கள் தடுமாறின, சொற்கள் இடம் மாறின. அன்றைய முறையில் மறுபடி எடுப்பது அபூர்வம், ஆகவே தடுமாற்றமும் ஒளிபரப்பானது. 1966 ஒக்டோபரில் வந்த பத்தாவது கிரகம் என்ற நான்கு பகுதிக் கதை அவருடைய கடைசிக் கதை. மூன்றாவது பகுதி எடுக்கும் வாரத்தில் நோயில் படுத்தார். அவர் வசனங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒக்டோபர் 29 அன்று நான்காம் பகுதியின் முடிவில் அவர் தரையில் விழ, முகம் ஒளியில் கரைந்து பற்றிக் டிரவுட்டன் என்ற வேறொரு நடிகரின் முகமாகியது. இன்றுவரை அந்தத் தொடரை உயிரோடு வைத்திருக்கும் யோசனை, ஒரு நோயாளி நடிகரை மாற்ற வேண்டிய அவசரத்தில் பிறந்தது.

1972 இல் பத்தாவது ஆண்டுச் சிறப்புக் கதைக்காக ஒருமுறை திரும்பி வந்தார். நிற்க முடியவில்லை. உட்கார வைத்து, வசன அட்டையைப் பிடித்துக் காட்டித் தனியாகப் படமெடுத்தார்கள். 1975 ஏப்ரல் 23 அன்று, 67 ஆவது வயதில், உறக்கத்திலேயே இறந்தார்.

அவர் இறந்தபோது அவருடைய வேலையும் அழிந்துகொண்டிருந்தது. காந்த ஒளிநாடா அன்று விலை உயர்ந்தது. நடிகர் சங்க ஒப்பந்தத்தால் மறுஒளிபரப்புக்கு வரையறை இருந்தது. வர்ணத் தொலைக்காட்சி வந்ததும் கறுப்பு வெள்ளையை யார் வாங்குவார்கள் என்று நினைத்தார்கள். 1967 முதல் பிபிசி நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது, வெளிநாட்டு விற்பனைக்கான பிலிம் பிரதிகளையும் வீசியது. 1978 இல்தான் அது நின்றது. முதல் ஆறு ஆண்டுகளின் 253 பகுதிகளில் ஏறத்தாழ நூறு இல்லை. அவற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டவை ஹார்ட்னல் காலத்தவை. வாரிஸ் ஹுசைன் பெரும்பகுதியை இயக்கிய மார்கோ போலோ கதையின் ஏழு பகுதிகளும் போயின. பத்தாவது கிரகத்தின் நான்காம் பகுதியும் போனது.

நம்முடைய அழிவோடு இதை ஒப்பிடுவது எனக்குக் கூச்சம். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தையும், 1983 யூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவையும் அதிலிருந்த பட நெகட்டிவ்களையும் எரித்தது சிக்கனமல்ல. லண்டனில் எவரும் ஹார்ட்னலை வெறுக்கவில்லை. அலுமாரியில் இடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் எரித்தாலும் அழித்தாலும், பிறகு மிச்சத்தைத் தேடுகிறவர்களின் வேலை ஒன்றுதான்.

மிச்சம் வீடுகளில் இருந்தது. வீடியோ இல்லாத அந்த நாட்களில் சில பிள்ளைகளும் இளைஞர்களும் தொலைக்காட்சியின் முன்னால் மைக்கை வைத்து ஒலியை மட்டும் பதிந்துகொண்டார்கள். அதனால் காணாமற்போன ஒவ்வொரு பகுதிக்கும் ஒலி இருக்கிறது. ஜோன் கியூரா என்ற புகைப்படக்காரர் ஒளிபரப்பு ஓடும்போதே திரையைப் படமெடுத்து, ஒரு பகுதிக்கு அறுபது எழுபது என்று நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்று வந்தார். அவுஸ்திரேலியாவில் யாரோ ஒரு ரசிகர் 8 மி.மீ. கமெராவால் திரையையே படம் பிடித்ததில் சில நொடிகள் கிடைத்தன. முகம் மாறும் அந்தக் காட்சி 1973 இல் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் துண்டாகக் காட்டப்பட்டதால் தப்பியது. வெளிநாட்டுக்கு விற்ற பிரதிகள் நைஜீரியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் திரும்பின. 1983 இல் லண்டன் தேவாலயம் ஒன்றின் நிலவறையில் இரண்டு பகுதிகள் அகப்பட்டன.

இவற்றை வைத்து ரசிகர்கள் முதலில் கியூராவின் படங்களை ஒலியோடு ஒட்டினார்கள். வெற்று வீடியோ நாடாவைத் தபாலில் அனுப்பினால் காசு வாங்காமல் பிரதி செய்து திருப்பி அனுப்பிய குழுவும் இருந்தது. கணினி மலிவானதும் அனிமேஷனில் இறங்கினார்கள். தப்பிய பகுதிகளில் ஹார்ட்னல் கோட்டின் மடிப்பை எந்தக் கையால் பிடிக்கிறார், எந்தப் பொத்தானைத் தொடுகிறார் என்று பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். பிபிசியும் 2006 முதல் அதே வழிக்கு வந்தது. பத்தாவது கிரகத்தின் நான்காம் பகுதி 2013 இல் அனிமேஷனாக இறுவட்டில் வெளிவந்தது.

எனக்குப் பிடித்தது ரசிகர்களின் கரடுமுரடான வேலைகள்தான். நான் முதலில் பார்த்ததில் உருவங்கள் கடதாசிப் பொம்மைபோல ஆடின, கால் தரையில் பதியவில்லை. ஆனால் ஹார்ட்னல் சொல் தேடித் தடுமாறும் இடத்தில் வரைந்த வாயும் தடுமாறியது. ஒலியை வெட்டி அந்தப் பிழையை நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. தன் பிறப்பின் வெற்றிடத்தை டெவன் கதையால் நிரப்பியவர் ஹார்ட்னல். அவருடைய முடிவின் வெற்றிடத்தை நிரப்பியவர்களோ, இது வரைந்தது என்று தெரியும்படியே வரைந்திருந்தார்கள். மார்கோ போலோவின் கியூரா படங்கள் வாரிஸ் ஹுசைனிடம் பத்திரமாக இருந்து 2000 களில் வெளிவந்தன. நான்காம் பகுதியை மட்டும் வேறொருவர் இயக்கியதால் அதற்கு அப்படிப் படம் கிடையாது. அதை வரைகிறவர் எவரும் ஊகித்துத்தான் வரைய வேண்டும். ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட்டால் அதில் எனக்குக் குறையில்லை. சொல்லாமல் விட்டால் அது இன்னொரு டெவன்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். அவன் இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு முதல் மூன்று நிமிடத்தைக் காட்டினான். தாத்தாவின் முகம் இல்லை. கவிழ்த்து வைத்த சைக்கிள், பெடலைச் சுற்றும் ஒரு கை, பின்னால் ஓலைக் கூரை. குரல் கீச்சிடும் இடங்களில் கை மெதுவாகிறது. தாத்தா மாமாவிடம் குளிருக்குக் கம்பளி வாங்கினாயா என்று கேட்கும் இடத்தில் தூரத்தில் ஒரு சேவல் கூவும். சேவலை வேலியின் மேல் வரைந்திருந்தான்.

அம்மா இரண்டு தரம் பார்த்தார். சேவல் வேலிக்கு ஏறாது, கிணற்றுக் கட்டில்தான் நிற்கும் என்றார். கிணறு எந்தப் பக்கம் என்று தம்பி கேட்டான். அம்மா எழுந்து, கட்டுகஸ்தோட்டை வீட்டின் கூடத்தில் நின்றபடி, இங்கே வாசல், இங்கே முருங்கை என்று கையால் காட்டத் தொடங்கினார்.