கிறீன் வைத்தியரும் எங்கள் திறப்புக்கோர்வையும்

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது தோழி ஒருத்திக்கு வகுப்பறையில் வலிப்பு வந்தது. ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். இன்னொருத்தி ஓடிப்போய்த் திறப்புக்கோர்வையை வாங்கிவந்து அவள் கைக்குள் திணித்தாள். சுற்றிலும் கிடந்த வாங்குகளை விலக்கி, அவளைப் பக்கவாட்டாகத் திருப்பிக் கிடத்த வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நல்ல காலம், வலிப்பு தானாக நின்றது. பின்னாளில் கிறீன் வைத்தியரின் வாழ்க்கையை வாசித்தபோது எனக்கு அந்தத் திறப்புக்கோர்வைதான் நினைவுக்கு வந்தது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் படித்துத் தேறி, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையில் சில காலம் இருந்துவிட்டு மானிப்பாய்க்கு மாறினார். வந்த மறு வருடமே உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். கொழும்பில் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது 1870இல்தான் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

அக்காலத்தில் நம் அல்லைப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் வள்ளத்தில்தான். மானிப்பாயில் எவ்வளவு கெட்டிக்கார வைத்தியர் இருந்தும் என்ன, இரத்தம் ஓடுகிறவன் அங்கே போய்ச்சேர வேண்டுமே! கிராமத்துக்குக் கிராமம் விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும், அவர் தம் தாய்மொழியில் படித்தவராக இருக்கவேண்டும் என்ற முடிவுக்குக் கிறீன் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்பை 1864 முதல் தமிழில் நடத்தினார். ஆங்கிலம் படித்தால்தான் உத்தியோகம் என்றிருந்த நாளில் இது துணிச்சலான காரியம். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபதுக்கு மேல்.

கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே. தம் மாணவர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். காயம், இரத்தப்போக்கு, எலும்பு முறிவு எல்லாவற்றுக்குமான 'இரணவைத்தியம்' 1867இல் வந்தது. பிரசவத்துக்கு, உடற்கூற்றுக்கு, இரசாயனத்துக்கு என்று வேறு நூல்களும் வந்தன. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல். அவற்றிலுள்ள சிகிச்சைகள் பல இன்று கைவிடப்பட்டவை. 'அங்காதிபாதம்', 'சுகரணம்' போன்ற சொற்களும் இன்று வழக்கில் இல்லை. எனக்கு அதுபற்றிப் பெரிய கவலையில்லை. தமிழில் சொன்னால் விளங்கும், விளங்கினால் கை தானாகச் செய்யும் என்று அவர் நம்பினாரே, அதுதான் பெரிது.

அந்த நம்பிக்கையில் நானும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம். வலிப்பு வந்தவரின் வாயிலோ கையிலோ எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால், இலங்கையில் இருப்பவர்கள் 1990ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

உடல்நலம் குன்றி 1873இல் கிறீன் ஊர் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 1884இல் வூஸ்ரரில் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார், அப்படியே பொறித்தார்கள்.