வி.எஸ்.அசரியா: ஆங்கிலேயர்கள் தயங்கிய பதவியில் அமர்ந்த நெல்லைச் சீமைக்காரர் ஒரு கிராமத் திருமண்டலத்தைக் கட்டியது எப்படி?

1912 டிசம்பர் 29. கொல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் 38 வயது தமிழர் ஒருவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அதுவரை இந்தியாவில் அந்தப் பதவியில் இருந்த எல்லாருமே வெள்ளைக்காரர்கள்தான். பேராயரான முதல் இந்தியர், வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அவருக்குக் கிடைத்தது சென்னையோ கொல்கத்தாவோ இல்லை. ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் என்ற சின்ன ஊர். இன்றைய தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில், சிங்கரேணி நிலக்கரிப் பகுதிக்கு ரயில் பாதை பிரியும் ஜங்ஷன் அது.

யார் இந்த அசரியா?

1874 ஆகஸ்ட் 17-ல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வெள்ளாளன்விளை கிராமத்தில் பிறந்தவர். இன்றைக்கு அந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா தாமஸ் வேதநாயகம் அந்த ஊரின் குருவானவர். அசரியா சிறுவனாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட, அம்மா எலன்தான் வளர்த்து ஆளாக்கினார்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் வாங்கவில்லை. இறுதித் தேர்வு நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போனது. அதற்குப் பிறகு ஒய்.எம்.சி.ஏ-வில் செயலாளராகச் சேர்ந்து தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். 1898-ல் அன்பு மரியம்மாளைத் திருமணம் செய்தார். பெண்கள் கல்லூரி வரை போவதே அபூர்வமாக இருந்த காலத்தில் கல்லூரியில் படித்தவர் அவர்.

யாழ்ப்பாணம் கற்றுக்கொடுத்த பாடம்

1902-ல் யாழ்ப்பாணம் போன அசரியா, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தக் காசில் மிஷன் வேலை செய்வதைப் பார்த்தார். திருநெல்வேலியிலோ கிறிஸ்தவம் வேரூன்றிப் பல தலைமுறை ஆகியும், வேறு ஊருக்குப் போய் ஊழியம் செய்வது வெள்ளைக்காரர் வேலை என்ற எண்ணம்தான் இருந்தது.

ஊர் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தார். 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவானது. ஆள், பணம், நிர்வாகம் மூன்றுமே இந்தியர்களுடையதாக இருக்கணும் என்பதுதான் அதன் அடிப்படை. இந்தச் சங்கம் வேலை செய்யத் தேர்ந்தெடுத்த இடம்தான் தோர்ணக்கல். ஊருக்கு ஊர் போய் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அசரியா, 1909-ல் குருப்பட்டம் பெற்று, தெலுங்கு கற்றுக்கொண்டு, குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார்.

மறு வருஷம், 1910-ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. 1,200-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட அந்தக் கூட்டத்தில் ஆசியர்கள் ஒரு கைப்பிடி அளவுதான். மேடை ஏறிய அசரியா, வெள்ளை மிஷனரிகள் இந்தியர்களுக்காக உழைக்கிறார்களே தவிர, சமமான நண்பர்களாக நடத்துவதில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். அரங்கில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது.

எதிர்ப்பு ஏன்?

அசரியாவைப் பேராயராக்க முயற்சி எடுத்தவர், சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட். தத்துவ மேதை ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட்டின் அண்ணன் இவர். ஆனால் பல மிஷனரிகளுக்கு இதில் இஷ்டமில்லை. ஒரு இந்தியருக்குக் கீழே ஐரோப்பியர் எப்படி வேலை செய்வது என்பதுதான் வெளிப்படையாகப் பேசப்படாத பிரச்னை.

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஐரோப்பியர் கையில் இருந்த பெரிய பகுதிகளைத் தொடாமல், ஒரு சின்னப் பகுதியை மட்டும் பிரித்து அவரிடம் கொடுத்தார்கள். ஆனால் 1920 வாக்கில் நிலைமை மாறியது. கிருஷ்ணா, கர்னூல் போன்ற ஆந்திரப் பகுதிகளில் இருந்த ஆங்கிலிக்கன் சபைகளும் தோர்ணக்கல்லோடு சேர்க்கப்பட்டன. ஐரோப்பிய மிஷனரிகள் இந்தியப் பேராயருக்குக் கீழே வந்தார்கள். அதே 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

இவ்வளவு பெரிய திருமண்டலம் எப்படி இயங்கியது?

திருமண்டலம் என்றால் ஒரு பேராயரின் நிர்வாகத்தில் இருக்கும் பகுதி. அது பல சேகரங்களாகப் பிரியும். ஒரு சேகரத்துக்கு ஒரு குருவானவர் இருப்பார். அவருக்குக் கீழே பல கிராம சபைகள் வரும். தோர்ணக்கல்லில் ஊர்கள் சிதறிக் கிடந்தன, சாலை கிடையாது, குருவானவர் எப்போதாவதுதான் வந்து போக முடியும். அப்போ தினசரி வேலையை யார் பார்ப்பது?

அதற்கு அசரியா நம்பியது கிராம ஆசிரியரைத்தான். பள்ளிக்கூடம் நடத்துவதும் அவர்தான், ஜெபம் நடத்துவதும் அவர்தான், ஊர்ச் சண்டையைத் தீர்த்துவைப்பதும் பெரும்பாலும் அவர்தான். 1930-களின் நடுவில் திருமண்டலத்தில் 250-க்கும் மேற்பட்ட இந்தியக் குருவானவர்களும், ஆசிரியர்கள், மருத்துவப் பணியாளர்கள், உபதேசியார்கள் என்று 2,000-க்கும் மேற்பட்டவர்களும் இருந்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது.

குருவானவர்களுக்குத் தோர்ணக்கல்லிலேயே தெலுங்கில் பயிற்சி நடந்தது. மனைவிகளுக்கும் பயிற்சி உண்டு. கிராமத்துப் பெண்களிடம் போய்ப் பேச வேண்டியவர்கள் அவர்கள்தான் இல்லையா? அசரியா மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் நடந்தும் கிராமம் கிராமமாகப் போவார். அன்பு மரியம்மாளும் கூடவே போவார்.

காசு விஷயத்தில் அவர் கறார். ஏழைகள்தான் என்றாலும் சபையை அவர்களே தாங்கணும் என்றார். பணம் இல்லாதவர்கள் தானியமோ, கோழியோ, உழைப்போ கொடுக்கலாம். காணிக்கை பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். வருஷத்தில் ஒரு வாரம் சாதாரண சபை மக்களே பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பேசணும் என்பதும் அவர் கொண்டுவந்த ஏற்பாடு.

சாதியும் காந்தியும்

தோர்ணக்கல் சபைகளில் பெரும்பாலானவர்கள் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த தலித் மக்கள். நிலம் கிடையாது, படிப்பு கிடையாது. ஊருக்கு ஊர் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடம் வந்தது, குடிப்பழக்கத்துக்கு எதிரான பிரசாரம் நடந்தது. ஆனால் மாலாவும் மாதிகாவும் ஒருவரையொருவர் ஒதுக்கும் வழக்கம் சபைக்குள்ளும் வந்துவிட்டது. ஒரே பந்தியில் உட்கார வைக்க அசரியா கடைசி வரை போராடினார். முழு வெற்றி கிடைத்தது என்று சொல்ல முடியாது.

1930-களில் இந்தக் கூட்டு மதமாற்றங்களை மகாத்மா காந்தி கடுமையாக விமர்சித்தார். எழுத்தறிவில்லாத ஏழைகளின் நிலைமையைப் பயன்படுத்திக்கொள்வதாக அவர் நினைத்தார். தன் வாழ்க்கை எப்படி இருக்கணும் என்று முடிவெடுக்கும் உரிமை ஏழைக்கும் உண்டு என்பது அசரியாவின் நிலை. இத்தனைக்கும் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அவர் ஆதரிக்கவில்லை. சபையை ஓட்டு வங்கியாக்கினால் அது சாதி மாதிரி இன்னொரு பிரிவாகிவிடும் என்று கருதினார்.

மினாரும் கோயில் தூணும்

1939 ஜனவரி 6-ல் தோர்ணக்கல்லில் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இங்கிலாந்து பாணி கோபுரம் அதில் இல்லை. இஸ்லாமியக் கட்டடங்களை நினைவூட்டும் குவிமாடமும் மினார்களும், தென்னிந்தியக் கோயில் மாதிரித் தூண்களும் இருக்கும். இந்த மண்ணுக்குச் சொந்தமான சபை என்பதைக் கட்டடமே காட்டணும் என்று அவர் விரும்பினார்.

அவருக்குப் பிறகு என்ன ஆச்சு?

1919-ல் தரங்கம்பாடியில் தென்னிந்தியத் திருச்சபைகளை இணைப்பது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அதை முன்னெடுத்தவர்களில் அசரியா முக்கியமானவர். அன்று ஆரம்பித்த பேச்சுவார்த்தை 28 வருஷம் நீண்டு, 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., உருவானது. அதைப் பார்க்க அசரியா இல்லை. 1945 ஜனவரி 1-ல் தோர்ணக்கல்லிலேயே காலமாகிவிட்டார்.

அவர் கையில் இருந்த அந்தப் பெரிய திருமண்டலம் இன்று பலவாகப் பிரிந்திருக்கிறது. நந்தியால் பகுதியில் ஒரு பிரிவினர் சி.எஸ்.ஐ-யில் சேராமல் பல வருஷம் தனியாகவே இருந்து, பிறகுதான் இணைந்தார்கள். தோர்ணக்கல் இப்போதும் சி.எஸ்.ஐ-யின் ஒரு திருமண்டலம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். 1912-ல் முதல் இந்தியப் பேராயர் வந்தபின் வரிசையாகப் பலர் வந்திருப்பார்கள் என்றுதானே தோன்றும்? அப்படி நடக்கவில்லை. அசரியா இறக்கும் வரை, 32 வருஷம், ஒரு ஆங்கிலிக்கன் திருமண்டலத்தின் முழுப் பொறுப்பில் இருந்த ஒரே இந்தியர் அவர் மட்டும்தான். ஆனால் அவருக்குக் கீழே கிராமங்களில் சபையை நடத்திக் காட்டிய இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இந்தியர்களால் நிர்வாகம் செய்ய முடியுமா என்ற சந்தேகத்துக்குத் தோர்ணக்கல் கொடுத்த பதில் அதுதான்.