கணித மேதை இராமானுஜன்

கொங்கு நாட்டில், அந்தியூருக்குத் தென்கிழக்கே உள்ள ஈரோட்டில், 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இராமானுஜன் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே கருத்தூன்றியமையால் ஏனைய பாடங்களில் தவறிக் கல்லூரிப் பட்டம் இழந்தார். பின்னர்ச் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் இருந்தபோது, 1913-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் வரைந்தார்.

அதில் கண்ட முடிபுகளுள் ஒன்றைக் காண்போம். 1, 2, 3, 4, 6, 8, 9 என, இரண்டும் மூன்றும் அன்றி வேறு பகாக் காரணி இல்லாத எண்கள் ஓர் எல்லைக்குள் எத்தனை என்பது வினா. ஓர் எண்ணில் இரண்டு எத்தனை முறை வருகிறது என்பதைக் கிடையச்சிலும், மூன்று எத்தனை முறை வருகிறது என்பதை நிலையச்சிலும் குறிக்கலாம். இம்முறைகள் சுழியினும் குறையா. மடக்கையால் பெருக்கல் கூட்டலாக மாறுமாதலின், எல்லை ஒரு நேர்கோடாகும். இம்மூன்று அசமன்பாடுகளும் வரைபடத்தில் ஒரு செங்கோண முக்கோணத்தை அமைக்கும். அதனுள்ளும் விளிம்பிலும் உள்ள முழுவெண் புள்ளிகளின் தொகையே விடை. 100 வரை எண்ணினால் 20 புள்ளிகள். எண்ணாமலே இராமானுஜன் வாய்பாடு தருவது ஏறத்தாழ 19.8.

அம்முடிபுக்கு அவர் கடிதத்தில் நிறுவல் எழுதவில்லை. எனினும் ஹார்டி அவர்தம் ஆற்றலை உணர்ந்து அழைத்தார். 1914-இல் கடல் கடந்த இராமானுஜன், 1918-இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். நோயுடன் தாயகம் திரும்பி, 1920-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்தார். அம்முக்கோணப் புள்ளிகளைப் பற்றி ஹார்டி 1940-இல் வெளியிட்ட நூலில் ஓர் அதிகாரமே வரைந்தார். தேர்வில் தோற்றவர் எழுதிய ஒரு வரி, பேரறிஞர்க்கும் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.