கண்டுகொண்டேன்!

மத்தியதரைக் கடலிலுள்ள சிசிலித் தீவின் கீழ்க்கரையில், கிரேக்கர் குடியேறி வளம்படுத்திய நகரம் சைரக்கூஸ். அந்நகரில் கி.மு. 287ஆம் ஆண்டளவில் பிறந்தவர் ஆர்க்கிமிடீஸ். அவர்தம் தந்தையார் வானநூல் வல்லவர். மைந்தரின் உள்ளமும் கணிதத்தில் தோய்ந்தது.

அந்நாளில் அந்நகரை ஆண்ட ஹியரோன் மன்னன், கோயிலுக்குக் காணிக்கையாகப் பொன்முடி ஒன்று செய்யுமாறு பொற்கொல்லனிடம் பொன்னை நிறுத்துக் கொடுத்தான். செய்து முடித்த முடியில் நிறை குறையவில்லை. ஆயினும், பொன்னிற் சிறிது கவர்ந்து, அதற்கு ஈடாக வெள்ளியைக் கலந்தனனோ என்னும் ஐயம் எழுந்தது. முடியைச் சிதைக்காமல் உண்மையைக் கண்டறியும் பொறுப்பை மன்னன் ஆர்க்கிமிடீஸிடம் ஒப்புவித்தான்.

அதே சிந்தனையுடன் அவர் ஒருநாள் நீராடச் சென்றார். நீர் நிறைந்த தொட்டியில் இறங்கினார். உடல் அமிழ அமிழ நீர் வெளியே வழிந்தது. அக்கணமே உள்ளத்தில் ஒளி பிறந்தது. நிறை ஒன்றாயினும் பொன்னைவிட வெள்ளி மிகுதியான இடத்தை அடைப்பது. ஆகவே, கலப்புள்ள முடி, அதே நிறையுள்ள தூய பொன்னைவிட மிகுதியான நீரை வெளியேற்றும் அன்றோ! உவகை மேலிட, ஆடை உடுக்கவும் மறந்து, யுரேக்கா, யுரேக்கா என்று கூவிக்கொண்டே அவர் வீடு நோக்கி ஓடினாராம். பின்னர்ச் செய்த சோதனையில் பொற்கொல்லனின் களவு வெளிப்பட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இவ்வரலாற்றை எழுதிவைத்தவர் விட்ருவியஸ் என்னும் உரோமானியக் கட்டடக் கலைஞர்.

யுரேக்கா என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கண்டுகொண்டேன் என்பது பொருள். தமிழ் வினைமுற்றைப் போலவே, நான் என்று தனியே கூறாமல், சொல்லின் ஈறே தன்மை ஒருமையை உணர்த்துகின்றது. செயல் முற்றுப்பெற்று, அதன் பயன் நிலைத்திருப்பதையும் அவ்வடிவம் காட்டும். செருமானியக் கணித மேதை காஸ், 1796ஆம் ஆண்டில் எண்களைப் பற்றிய ஓர் உண்மையைக் கண்டபொழுது, தம் நாட்குறிப்பில் இச்சொல்லையே பொறித்தார். 1848ஆம் ஆண்டில் பொன் கண்டெடுக்கப்பட்ட அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவின் இலச்சினையிலும் இச்சொல் விளங்குகின்றது.

கி.மு. 212ஆம் ஆண்டில் உரோமானியர் சைரக்கூஸைக் கைப்பற்றினர். அவரைக் கொல்லலாகாது என்பதே படைத்தலைவன் மார்செல்லஸின் விருப்பம். ஆயினும், கணித வரைபடம் ஒன்றில் ஆழ்ந்திருந்த அம்முதியவரை வீரன் ஒருவன் வாளால் வீழ்த்தினான் என்பர். இறுதி மூச்சிலும் அவர் தேடலை விட்டாரல்லர்.

தொட்டியில் நீராடியோர் எத்தனையோ பேர். நீர் வழிந்ததைக் கண்டோரும் பலர். ஆனால், விடையைத் தேடிக்கொண்டிருந்த ஒருவருக்கே அந்நீர் விடை கூறிற்று. தேடாதவர் வாயில் கண்டுகொண்டேன் என்னும் சொல் பிறப்பதில்லை.