ரயிலுக்குப் பல் வச்ச மெக்கானிக்



அவிநாசிபாளையத்துல இருந்து ஒரே நாள்ல போயிட்டு வர்ற மாதிரி ஒரு டூர் சொல்லுங்கன்னு கேட்டா, மெக்கானிக்கல் பசங்க கிட்ட இருந்து முதல்ல வர்ற பதில் மேட்டுப்பாளையம் நீராவி ரயில்தான். இருட்டோட கிளம்பி, திருப்பூர், அவிநாசி, அன்னூர் வழியா போனா காலை 7.10 வண்டியைப் பிடிச்சிடலாம். டிக்கெட்டை மட்டும் முன்னாடியே போட்டு வச்சுக்கணும்.

அந்த வண்டி கல்லாரைத் தாண்டினதும் சத்தம் மாறும். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பதிச்சிருக்கிற பல் பட்டையை இன்ஜினோட பற்சக்கரம் கவ்விப் பிடிக்கிற சத்தம் அது. எல்லாரும் ஜன்னல்ல எட்டிப் பார்த்து செல்ஃபி எடுக்கிற நேரம். அந்தப் பல்லுக்காக வாழ்க்கையில பாதியைக் கொடுத்த ஒரு மனுஷனைப் பத்தித்தான் இந்த இதழ்ல பார்க்கப் போறோம். பேர் நிக்கோலஸ் ரிக்கன்பாக்.

ஆபீஸ் வேலை ஒத்துவரல

ரிக்கன்பாக் 1817 மே 21-ஆம் தேதி, இப்போ பிரான்ஸ்ல இருக்கிற அல்சாஸ் பகுதியில கெப்வில்லர் என்ற ஊர்ல பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துட்டார். குடும்பம் சொந்த ஊரான சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக்குத் திரும்பியது. அந்தக் காலத்துல பாசெல் பட்டு ரிப்பன் நெசவுக்குப் பேர் போன ஊர். நம்ம பக்கம் பனியன் மாதிரி அங்க ரிப்பன்.

வீட்டுல அவரை வியாபாரம் கத்துக்க அனுப்பினாங்க. கணக்குப் புத்தகம் அவருக்கு ஒத்துவரல. பாதியில விட்டுட்டு மெக்கானிக் வேலைக்குப் போனார். இருபது வயசு வாக்கில பாரிஸ் போய், பகல்ல பட்டறையில வேலை, ராத்திரியில வகுப்புன்னு கணக்கும் இயற்பியலும் படிச்சார். பாரிஸ்ல இருந்து சென்ஜெர்மென் போற புது ரயில்பாதையை அங்கதான் பார்த்தார். அதுக்கப்புறம் அவர் மனசுல வேற எதுவும் இல்லை. இன்ஜின் கட்டணும், அவ்வளவுதான்.

1840-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்துல எமில் கெஸ்லரின் இன்ஜின் தொழிற்சாலையில சேர்ந்தார். கொஞ்ச வருஷத்துல பட்டறைத் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். சூரிக்குக்கும் பாடனுக்கும் நடுவுல 1847-ல் சுவிட்சர்லாந்தின் முதல் உள்நாட்டு ரயில்பாதை திறந்தப்போ, அதுல ஓடின லிம்மாத் இன்ஜின் அந்தப் பட்டறையில உருவானதுதான். பாடன் ஊரு பலகாரம் ஒண்ணோட பேரை வச்சே ஜனங்க அந்த ரயிலைக் கூப்பிட்டாங்க. ஊட்டி ரயிலை வர்க்கி ரயில்னு சொன்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி.

சக்கரம் வழுக்குது

1850-களில் அவர் சுவிஸ் மத்திய ரயில்வேயில சேர்ந்து, ஓல்டன் ஊர்ல இருந்த பெரிய பணிமனைக்குத் தலைவரானார். அங்கதான் அவரோட பிரச்சினை ஆரம்பிச்சது. பாசெலுக்கும் ஓல்டனுக்கும் நடுவுல ஹவென்ஸ்டைன் மலை. அந்த ஏத்தத்துல வண்டி கனமா இருந்தா சக்கரம் நின்ன இடத்திலேயே சுத்தும். மழை பெய்ஞ்சா இன்னும் மோசம். தண்டவாளத்துல மணல் தூவித்தான் ஏத்தணும்.

இது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான். இரும்பு மேல இரும்பு உருளும்போது உராய்வு ரொம்பக் கம்மி. சமதளத்துல ரயிலுக்கு அதுதான் வரம், ஏத்தத்துல அதுவே சாபம். இன்ஜினுக்கு எவ்வளவு சக்தி இருந்தாலும் பிடிமானம் இல்லேன்னா அந்தச் சக்தி வீண். நம்ம ஊர் பட்டறையில தட்டை பெல்ட் லோடு ஏறினா வழுக்கும். அதுக்குப் பதிலா பல் வச்ச பெல்ட் போட்டா வழுக்காது. நிட்டிங் மெஷின்ல நூலை ஒரே அளவா ஊட்டுற பெல்ட்டுக்குப் பல் இருக்கிறதும் இதே காரணத்துக்குத்தான்.

ரிக்கன்பாக்கும் இதே வழியிலதான் யோசிச்சார். தண்டவாளங்களுக்கு நடுவுல ஏணி மாதிரி ஒரு பட்டை. ரெண்டு பக்கமும் இரும்புச் சட்டம், நடுவுல படிப்படியா குறுக்குக் கம்பிகள். இன்ஜின் அடியில இருக்கிற பற்சக்கரம் அந்தப் படிகள்ல கால் வச்சு ஏறும். 1863 ஆகஸ்ட் 12-ஆம் தேதி பிரான்ஸ்ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார்.

பல் வச்ச ரயில்பாதைங்கிறது அதுக்கு முன்னாடியே இருந்த யோசனைதான். இங்கிலாந்தின் மிடில்டன் நிலக்கரிப் பாதையில ஜான் பிளென்கின்சாப் 1812-லேயே அதைப் பயன்படுத்தினார். ஆனா அது சமவெளிப் பாதை. செங்குத்தான மலையில, ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போறதுதான் ரிக்கன்பாக்கின் கனவு.

எட்டு வருஷம்

காப்புரிமை கையில இருக்கு, மாடல் இருக்கு, வாங்க ஆள் இல்லை. கூட வேலை பார்த்த இன்ஜினியர்களே கண்டுக்கல. அவர் பகல்ல ரயில்வே வேலையைப் பார்த்துக்கிட்டு, மாடலைக் காட்டி ஆள் பிடிச்சிட்டே இருந்தார்.

அதே சமயம் அமெரிக்காவுல சில்வெஸ்டர் மார்ஷ் என்பவர் தனியா இதே யோசனையில வேலை பார்த்து, 1869-ல் வாஷிங்டன் மலைக்குப் பற்சக்கர ரயில் விட்டுட்டார். ரிக்கன்பாக் கப்பலேறிப் போய் அதை நேர்ல பார்த்தார். தன் கணக்கு சரிதான்னு உறுதியானது. ஊர் திரும்பி, ரெண்டு இன்ஜினியர்களோட சேர்ந்து ரிகி மலைக்குப் பாதை போட்டார்.

1871 மே 21. ஃபிட்ஸ்னாவ் ஊர்ல இருந்து ரிகி மலைக்கு ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் ஏறிச்சு. அன்னைக்கு அவரோட 54-வது பிறந்தநாள். பாதையின் அதிகபட்ச சரிவு 4-க்கு 1. அதாவது 4 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறணும்.

இந்தச் சரிவுல சாதாரண படுக்கை பாய்லர் வச்சா ஒரு ஆபத்து. தண்ணி ஒரு பக்கமா ஒதுங்கி, தீ எரியற பக்கத்துத் தகடு தண்ணியில்லாம வெளியே தெரியும். தகடு சூடேறிக் கெட்டா பாய்லரே வெடிக்கலாம். அதனால முதல் ரிகி இன்ஜின்களுக்கு அவர் நிக்கிற பாய்லர் வச்சார், மலைச்சரிவுல அது நேரா நிக்கிற மாதிரி. சமதளத்துல பார்த்தா கவுந்து விழப்போற பாட்டில் மாதிரி இருக்கும். அதுல ஏழாம் நம்பர் இன்ஜின் இன்னைக்கும் இருக்கு.

இறக்கம்தான் கஷ்டம்

ஏறுறதைவிட இறங்குறதுதான் பயம். அத்தனை நீளத்துக்கும் பிரேக் கட்டையை அழுத்திக்கிட்டே வந்தா சூடாகித் தேஞ்சு போயிடும். ரிக்கன்பாக் அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சார். இறங்கும்போது நீராவியை நிறுத்திட்டு, சிலிண்டருக்குள்ள காத்தை உறிஞ்சவிடுவார். சக்கரம் சுத்தச் சுத்த பிஸ்டன் அந்தக் காத்தை அழுத்தும். அழுத்தப்படுற காத்து வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். சூட்டைத் தணிக்க சிலிண்டருக்குள்ள கொஞ்சம் தண்ணி. ஏத்துறதுக்கு இருந்த இன்ஜினே இறக்கத்துல பிரேக் ஆயிடுது. எதிரழுத்த பிரேக் என்ற இந்த முறைக்கு ரயில் உலகத்துல இன்னைக்கும் அவர் பேர்தான்.

ரிகிக்கு அப்புறம் வியன்னா, புடாபெஸ்ட், ரியோ டி ஜெனீரோவின் கொர்கொவாடோ மலைன்னு அவரோட ஏணிப் பட்டை பல நாடுகளுக்குப் போச்சு.

நீலகிரிக்கு வந்தார்

ஊட்டிக்கு ரயில் விடணும்ங்கிற பேச்சு 1854-லேயே தொடங்கிடுச்சு. மலையைப் பார்த்து எல்லாரும் பின்வாங்கிட்டே இருந்தாங்க. 1882-ல் அரசாங்கம் அழைக்க, 65 வயசுல ரிக்கன்பாக் நீலகிரிக்கே வந்தார். மலையைப் பார்த்துட்டு, 1,32,000 பவுண்டுல பாதை போடலாம்னு மதிப்பீடு கொடுத்தார். அதை நம்பி கம்பெனியும் தொடங்கினாங்க. பணம் சேரல. வேலை வருஷக்கணக்கா தள்ளிப் போச்சு.

அந்த இடைவெளியில இன்னொருத்தர் முன்னாடி வந்துட்டார். ரோமன் ஆப்ட். ரிக்கன்பாக்கின் ஓல்டன் பணிமனையில அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவர். குருவோட ஏணிப் பட்டையில என்ன குறைன்னு பக்கத்துல இருந்து பார்த்தவர். ஏணி கனம், செலவு அதிகம், வளைவுகளுக்கு ஏத்த மாதிரி செய்யறது சிரமம். ஆப்ட் என்ன செஞ்சார்? ரெண்டு பல் பட்டைகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒண்ணோட பல் இருக்கிற இடத்துல இன்னொண்ணோட பள்ளம் வர்ற மாதிரி அரைப் பல் தள்ளிப் பதிச்சார். எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல் பிடிச்சிருக்கும், ஓட்டமும் குலுங்காது. பட்டையை வளைக்கிறதும் சுலபம். 208 வளைவு இருக்கிற நீலகிரிப் பாதைக்கு இதைவிட என்ன வேணும்?

1891-ல் வேலை தொடங்கினப்போ கையில இருந்தது ஆப்ட் முறை. முதல் கம்பெனி நொடிச்சுப் போய், இன்னொரு கம்பெனி வந்து, ஒருவழியா 1899 ஜூன் 15-ஆம் தேதி மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை திறந்தது. அதுல இருந்து சரியா 40 நாள். ஜூலை 25-ஆம் தேதி ஓல்டன்ல ரிக்கன்பாக் கண்ணை மூடினார். வயசு 82.

பாதை ஊட்டி வரை போனது 1908-ல். 12.5-க்கு 1 சரிவு, 16 குகைகள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். திருச்சி பொன்மலை பணிமனையில இந்தப் பாதைக்குப் புது நீராவி இன்ஜின்களே கட்டியிருக்காங்க.

அவர் தோத்துட்டாரா?

ப்ராஜெக்ட் ரிவ்யூல நம்ம டிசைனைத் தள்ளிட்டு ஜூனியரோட டிசைனை எடுத்தா நமக்கு எப்படி இருக்கும்? ரிக்கன்பாக்குக்கு நடந்தது அதோட பெரிய அளவு. தான் நேர்ல வந்து பார்த்த மலையில, தான் வளர்த்த பையனோட பட்டை.

ஆனா கொஞ்சம் யோசிங்க. 1863-ல் யாரும் கேட்காத யோசனையை எட்டு வருஷம் தூக்கிச் சுமந்து, அது ஓடும்னு ரிகியில காட்டலேன்னா, ஆப்ட் எதைத் திருத்தியிருப்பார்? ஒரு டிசைன்ல குறை கண்டுபிடிக்கணும்னா முதல்ல அது ஓடணும். ஓட வச்சது அவர். அதுக்கப்புறமும் அவர் தன்னைப் பெரிய மேதையா காட்டிக்கல. வாழ்க்கை வரலாறு எழுதினப்போ, ஒரு பழைய மெக்கானிக்கோட நினைவுகள்னுதான் அதுக்குப் பேர் வச்சார்.

அடுத்த தடவை மேட்டுப்பாளையம் போனா, கல்லார் ஸ்டேஷன்ல தண்டவாளத்துக்கு நடுவுல குனிஞ்சு பாருங்க. ரெண்டு பட்டையும் அரைப் பல் தள்ளி இருக்கும். அந்த அரைப் பல் சிஷ்யரோடது. பல் வச்சு மலை ஏறலாம்ங்கிற தைரியம் குருவோடது.