அருளானந்தர்

அருளானந்தர் அல்லது ஜான் டி பிரிட்டோ (மார்ச் 1, 1647 - பெப்ரவரி 4, 1693) தமிழகத்தில் மறைப்பணியாற்றிய போர்த்துக்கீச இயேசு சபைத் துறவி ஆவார். ஒருவனுக்கு ஒருத்தி என்னும் கத்தோலிக்கத் திருமண நெறியை வலியுறுத்தியதே இவரது கொலைக்கு வழிவகுத்தது.

வாழ்க்கை

லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்த இவர் 1662 இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673 இல் இந்தியா வந்து மதுரை மறைத்தளத்தில் இணைந்தார். காவியுடை அணிந்து, புலால் தவிர்த்து, பண்டாரசாமியாக வாழ்ந்தார். 1686 இல் மறவர் நாட்டில் சிறைப்பட்டார். இனி அங்கு போதிக்கக் கூடாது என்ற ஆணையுடன் கிழவன் சேதுபதி இவரை விடுவித்தார். ஐரோப்பா சென்ற இவர் 1690 இல் திரும்பி வந்து, அதே நாட்டில் பணியைத் தொடர்ந்தார்.

தடியத்தேவரின் மனமாற்றம்

மறவர் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர், நோய் நீங்கியபின் திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர் இருந்தனர். ஒரே காலத்தில் பல மனைவியரைக் கொள்வது கிறித்தவருக்கு ஆகாது என்பதைத் திரெந்து பொதுச்சங்கம் 1563 இல் உறுதிப்படுத்தியிருந்தது. எனவே, ஒரு மனைவியுடன் மட்டும் வாழ இசைந்தாலன்றித் திருமுழுக்கு இல்லை என்றார் அருளானந்தர். தடியத்தேவர், ஏனையோரைப் பராமரிப்பதாகக் கூறி அதற்கு இசைந்து, 1693 சனவரியில் திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களுள் இளையவர் சேதுபதியின் நெருங்கிய உறவினர். கணவரை இழந்த அவர் சேதுபதியிடம் முறையிட்டார். அருளானந்தர் கைது செய்யப்பட்டு, ஓரியூரில் வாளால் வெட்டிக் கொல்லப்பட்டார்.

புனிதர் பட்டம்

1853 இல் அருளாளராகவும், 1947 இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஓரியூர் இவரது திருத்தலமாகும். பெப்ரவரி 4 இவரது திருநாள்.